உயில் எழுத என்ன செலவாகும்?

சோழநாட்டுச் சிவாலயங்களின் சுவர்களை நின்று படிப்பவர்களுக்கு ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இறைவன் சந்நிதியில் ஒரு நந்தா விளக்கு எரிவதற்காக ஒருவர் 96 ஆடுகளைக் கொடுத்திருப்பார். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு இட்ட பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. மூத்தது மடிந்தால் அதன் இடத்துக்குக் குட்டி வந்துவிடும், எண்ணிக்கை குறையாது, ஆகவே அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், எவ்வளவு அளக்க வேண்டும், யார் பொறுப்பு, எத்தனை காலத்துக்கு என்னும் ஐந்தும் கல்லில் வெட்டப்பட்டிருக்கும். காலவரையறை ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை.

தமக்குப் பின் தம் பொருள் எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதை இத்தனை துல்லியமாக எழுதிவைத்த முன்னோரின் வழியில் வந்தவர்கள், இன்று சொந்த வீட்டைப் பற்றி ஒரு தாளில் எழுதத் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. உயிலைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்பது ஒன்று. வக்கீல், பத்திரம், பதிவு என்று பெருஞ்செலவாகும் என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கல்வெட்டுகளே விடை. இரண்டாவதற்குச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காகிதத்தின் விலை

உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. முத்திரைத்தாள் வாங்க வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும். கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம், தமிழிலேயே எழுதலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பவை மிகக் குறைவு. எழுதுபவர் தெளிந்த மனத்துடன் கையொப்பம் இட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் கையொப்பமிடுவதைக் கண்டு, அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உயிலைப் பதிவு செய்வதும் கட்டாயமன்று. ஆயினும் பதிவு செய்வது நல்லது. சார்பதிவாளர் முன்னிலையில் இன்ன நாளில் இவர் நேரில் வந்து, இது தம் உயில்தான் என்று ஒப்புக்கொண்டார் என்பதற்கு அரசுப் பதிவேடே சான்றாக அமைகிறது. மற்றப் பத்திரங்களுக்குச் சொத்து மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் கணக்கிடுவார்கள், உயிலுக்கு அப்படியில்லை. 5 லட்சம் மதிப்புள்ள வீடானாலும் 5 கோடி மதிப்புள்ள வீடானாலும், சிறிய நிலையான தொகைதான்.

பதிவு செய்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்னும் அச்சமும் வேண்டாம். உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாகின்றன. வில்லங்கச் சான்றில் அவை வருவதில்லை. எழுதியவர் உயிருடன் இருக்கும் வரை அவரும் அவருடைய முகவரும் தவிர வேறு எவரும் நகல் பெற முடியாது. இந்த அளவு வெளிப்படுவதையும் விரும்பாதவர், உறையில் இட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம்; அவர் மறைந்த பின்னரே உறை திறக்கப்படும். படுக்கையில் இருப்பவர்கள் அலுவலகத்துக்குச் செல்ல இயலாவிடின், உரிய காரணம் காட்டி விண்ணப்பித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தினால், பதிவு அலுவலர் இல்லத்துக்கே வந்து பதிவு செய்வதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

எஞ்சியிருப்பது எழுதிக்கொடுப்பவருக்கான ஊதியம். அது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். முதல் நாளிலேயே தொகையைப் பேசி முடித்துக்கொள்வது இருவருக்கும் நலம். ஒரு வீடு, சில வைப்புத்தொகைகள், இரண்டு மூன்று வாரிசுகள் என்றிருக்கும் எளிய குடும்பத்தின் உயிலுக்குப் பெருந்தொகை தேவைப்படாது. பூர்வீகச் சொத்து கலந்திருந்தாலும், ஒருவருக்கு வாழ்நாள் உரிமை கொடுத்து அவருக்குப் பின் மற்றொருவருக்கு என எழுதினாலும், குடும்பத்தில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளை இருந்தாலும் நல்ல வழக்கறிஞரையே நாட வேண்டும். அங்கே செலவைக் குறைப்பது சிக்கனமாகாது.

தானப் பத்திரத்தின் கணக்கு

உயிலுக்கு மாற்றாகப் பலர் எண்ணுவது தான செட்டில்மெண்ட். வாழும் காலத்திலேயே வீட்டை மனைவிக்கோ பிள்ளைக்கோ எழுதிக் கொடுத்துவிடுவது. இதற்குச் செலவு உண்டு. ஆனால் அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி, குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே எழுதப்படும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 விழுக்காடு. அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 விழுக்காடு. அதிகபட்சம் 10,000 ரூபாய். கட்டணங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. போகும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. தந்தைக்கு 76 வயது, தாய்க்கு 70. தந்தை தம் உழைப்பில் கட்டிய வீடு அவர் பெயரில் இருக்கிறது. வழிகாட்டி மதிப்புப்படி 60 லட்சம் ரூபாய். மகன் பெங்களூருவில், மூத்த மகள் சேலத்தில், இளைய மகள் பெற்றோருடன். இந்த வீட்டை மனைவிக்குச் செட்டில்மெண்ட் எழுதினால், 1 விழுக்காடு என்பது 60,000 ரூபாய். வரம்பு இருப்பதால் தீர்வை 40,000, பதிவுக் கட்டணம் 10,000, ஆக மொத்தம் 50,000 ரூபாய். வீட்டின் மதிப்பு 20 லட்சமாக இருந்திருந்தால் தீர்வை 20,000, கட்டணம் 10,000, ஆக 30,000 ரூபாய். அதே வீட்டை உயில் வழியாக மனைவிக்கு விட்டுச்சென்றால் தீர்வை ஒன்றுமில்லை.

அப்படியாயின் உயில்தான் எப்போதும் மேலானதா? ரூபாய்க் கணக்கில் ஆம். ஆனால் செட்டில்மெண்டுக்கு ஒரு வலிமை உண்டு. அன்றே உரிமை மாறிவிடுவதால், பின்னாளில் கையொப்பம் உண்மையா, மனம் தெளிவாக இருந்ததா என்னும் கேள்விகள் குறைகின்றன. அந்த வலிமையே அதன் ஆபத்தும் ஆகும். எழுதிக் கொடுத்தவர் அன்று முதல் அந்த வீட்டின் உரிமையாளர் அல்லர். உயிலை எழுதியவர் தம் இறுதி மூச்சு வரை அதை மாற்றலாம், கிழித்தெறியலாம், புதிதாக எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மெண்டை அவ்வாறு எளிதில் திரும்பப் பெற முடியாது.

வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டின் திண்ணையில் அந்நியராய் நிற்கும் பெற்றோருக்காகவே 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தில் 23ஆம் பிரிவு வைக்கப்பட்டது. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதை மீறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ‘நிபந்தனையோடு’ என்னும் சொல்லே இதில் உயிர். அத்தகைய நிபந்தனை இருந்தது என்று காட்டப்படாவிடின் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் மற்றொரு தீர்ப்பில், முதியோரைக் காக்கும் சட்டம் ஆதலால் அதைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பெற்றோருக்குப் பாடம் ஒன்றே: செட்டில்மெண்ட் எழுதுவதாயின், தாமும் துணைவரும் உயிருள்ள வரை அந்த வீட்டில் வாழும் உரிமையையும், பராமரிக்கப்பட வேண்டும் என்னும் நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். பிள்ளைமீது நம்பிக்கை இல்லாமை இதற்குப் பொருளன்று. நல்ல பிள்ளைக்கு அந்த வரி ஒரு சுமையாகாது.

எழுதாமல் விட்டால்

ஒன்றுமே எழுதாமல் விடுவதுதான் செலவில்லாத வழி என்று தோன்றும். செலவு இல்லாமற்போவதில்லை, பிள்ளைகளின் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவே.

முன்சொன்ன குடும்பத்தில் தந்தை உயில் எழுதாமல் மறைந்தால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பேசும். மனைவி, மகன், இரு மகள்கள் ஆகிய நால்வருக்கும் சமபங்கு. மறைந்தவரின் தாயார் உயிருடன் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பல வீடுகளில் எண்ணிக்கொண்டிருப்பதுபோல வீடு தானாக மனைவிக்குப் போய்விடுவதில்லை. அந்த அம்மையார் எந்தச் சமையலறையில் 40 ஆண்டுகள் நின்றாரோ அந்த வீட்டில் அவருக்கு நான்கில் ஒரு பங்குதான். மகன் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்டால், மறுப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. 60 லட்சம் ரூபாய் வீட்டை நால்வர் பிரித்துக்கொள்ள ஒரே வழி பெரும்பாலும் விற்பதுதான்.

ஒற்றுமையான குடும்பமாகவே இருந்தாலும் வேலை இருக்கிறது. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெற வேண்டும். ஒருவர் பெயரில் வீட்டைக் கொண்டுவர, மற்றவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு. நியமனம் இல்லாத சில முதலீடுகளுக்கு நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று கேட்க நேரும். அங்கே கட்டணம் தொகையின் விகிதத்தில் ஏறும். ஒற்றுமை குலைந்தால் பாகப்பிரிவினை வழக்கு. அதன் செலவை ரூபாயில் மட்டும் எழுதிவிட முடியாது. தந்தையின் திதிக்கு ஒரே வீட்டில் கூடிய உடன்பிறந்தவர்கள், வழக்கு தொடங்கிய பின் வெவ்வேறு வீடுகளில் திதி கொடுப்பதை ஊரில் யாரும் அறியாதவர்கள் அல்லர்.

குழந்தை இல்லாத பெண்மணிகளின் நிலை இன்னும் கவனிக்கத் தக்கது. கணவரை இழந்த, பிள்ளைகள் இல்லாத ஒரு பெண்மணி தாமே வேலை பார்த்துச் சேர்த்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுச்சென்றால், அது முதலில் அவருடைய கணவரின் வாரிசுகளுக்கே செல்லும். கடைசிக் காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்ட தங்கை மகளுக்கு அதில் உரிமை கிடையாது. பெற்றோர் வழியாக வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். இத்தகையோர் எழுதும் ஒரு பக்க உயில், நன்றிக்கடன் தீர்க்கும் கருவியும் ஆகும்.

நாமினி இருக்கிறாரே?

வங்கியில் நாமினி போட்டாயிற்று, பிறகு உயில் எதற்கு என்பது பரவலான கேள்வி. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை, உரிமையாளர் அல்லர். வங்கி அவரிடம் தொகையைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பிலிருந்து விடுபடுகிறது. அவர் அதை வாரிசுகளுக்கோ, உயிலில் குறிப்பிடப்பட்டவர்களுக்கோ சேர்ப்பிக்கக் கடமைப்பட்டவர். வங்கி வைப்புத்தொகைகளைப் பொறுத்தும், 2023 டிசம்பரில் பங்குகளைப் பொறுத்தும் உச்ச நீதிமன்றம் இதையே கூறியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியதாகிறது.

இதனால் நாமினி வேண்டாம் என்று பொருளன்று. நாமினி இருந்தால் பணம் விரைவில் கைக்கு வரும். உயில் இருந்தால் அது சரியான கைக்குப் போகும். இரண்டும் தேவை; இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் குழப்பமே இல்லை. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். வைப்புத்தொகைக்கு யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பிரித்தும் எழுதலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் எழுதலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்னும் முறை மட்டுமே. இவற்றுக்கு வங்கி கேட்பது ஒரு படிவமும் ஒரு கையொப்பமும்தான். கணவன் மனைவி கணக்குகளில் ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்னும் குறிப்பு இருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தைத் திறந்து பார்ப்பதற்கு அதுவும் வேண்டியதில்லை.

யாரும் கேட்காமல் கிடக்கும் பணமும் உண்டு. பத்தாண்டுகள் வரவு செலவு இல்லாத வைப்புத்தொகைகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு அனுப்பிவிடுகின்றன. அப்பாவுக்கு எந்த வங்கியில் என்ன இருந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமற்போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இத்தகைய கணக்குகளைத் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023இல் ‘உத்கம்’ என்னும் இணையதளத்தைத் தொடங்கியது. கேட்டுப் பெற இன்றும் வழி உண்டு. ஆனால் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால் தேட வேண்டியதே இல்லை.

பச்சையப்பரின் உயில்

தர்மத்துக்கு எழுதும் உயில்கூடத் தானாக நிறைவேறிவிடாது என்பதற்குச் சென்னை கண்ட பெரிய சான்று பச்சையப்ப முதலியாரின் உயில். துபாஷியாகவும் வணிகராகவும் பெரும்பொருள் ஈட்டிய அவர் 1794இல் மறைவதற்கு முன், தம் செல்வத்தைக் கோயில் வழிபாட்டுக்கும் அறப்பணிகளுக்கும் எழுதிவைத்தார். அவர் மறைந்த பின் சொத்து வழக்குகளில் சிக்கியது. நீதிமன்றத்தின் தலையீட்டால் அந்த நிதி மீட்கப்பட்டு, கோயில் தர்மங்களுக்குப் போக எஞ்சியது கல்விக்கு எனத் திட்டம் வகுக்கப்பட்டு, அவர் பெயரில் பள்ளி தொடங்கப்பட்டபோது ஆண்டு 1842. இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள். எழுதியவரின் நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் நோக்கத்தை நடத்திவைக்க ஆளும் அமைப்பும் வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் சொல்கின்றன.

உயிலில் நிறைவேற்றாளர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பது இதற்காகவே. தம்மைவிட வயதில் இளையவராக, கணக்கில் நேர்மையானவராக, பிள்ளைகள் மதிப்பவராக அவர் இருக்க வேண்டும். அவருக்கு முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். சாட்சிகளுக்கும் இதே அளவுகோல்தான். நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கச் சாட்சிகளில் ஒருவரேனும் வந்து சொல்ல வேண்டியிருக்கும். 80 வயது நண்பர்கள் இருவரைச் சாட்சியாக வைத்தால், தேவைப்படும் நாளில் மூவருமே இல்லாமற்போகக் கூடும். சொத்தில் பங்கு பெறுபவரைச் சாட்சியாக வைக்காமலிருப்பதும் சந்தேகத்துக்கு இடம் தராது. குடும்ப மருத்துவரே ஒரு சாட்சியாக அமைந்தால், மனத்தெளிவு பற்றிய கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

சென்னை நகரத்தவர்க்கு இன்னொரு செய்தி. நகர எல்லைக்குள் எழுதப்பட்ட அல்லது அங்குள்ள வீடு நிலங்களைப் பற்றிய இந்துக்களின் உயில்களுக்கு, உயர் நீதிமன்றத்தில் ப்ரொபேட் பெறுவது பல தலைமுறைகளாகக் கட்டாயமாக இருந்தது. மற்ற மாவட்டங்களில் அப்படியில்லை. அந்தக் கட்டாயத்தை விதித்த 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. வாரிசுகளுக்குள் தகராறு இருக்குமிடத்தில் ப்ரொபேட் இன்னும் பயன்படும்; தகராறு இல்லாத குடும்பத்துக்கு ஒரு பெருஞ்செலவும் காத்திருப்பும் குறைந்திருக்கின்றன.

கோயிலுக்கு எழுதுவோர்

‘என் பணத்தில் 1 லட்சம் ரூபாயை முருகன் கோயிலுக்குக் கொடுக்கவும்’ என்று எழுதும் அன்பர்கள் உண்டு. எந்த முருகன் கோயில், எந்த ஊர், எந்தக் காரியம் என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. கோயிலின் முழுப்பெயர், சுவாமியின் திருநாமம், ஊர், வட்டம் ஆகியவற்றோடு, அன்னதானத்துக்கா, விளக்குக்கா, திருப்பணிக்கா என்பதையும் குறிப்பிட வேண்டும். அறநிலையத்துறைக்கு உட்பட்ட கோயிலாயின் செயல் அலுவலரைக் கண்டு, கட்டளைக்குக் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, எந்தப் பெயரில் செலுத்த வேண்டும் என்று கேட்டு அதன்படி எழுதலாம்.

இங்கே சோழர்காலத்து ஆடுகளை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆடு குட்டி போட்டது. நெய்யின் அளவு மாறவில்லை. ரூபாய் அப்படியன்று. 1 லட்சம் ரூபாயை 6.5 விழுக்காட்டில் நிரந்தர வைப்பில் இட்டால் ஆண்டுக்கு 6,500 ரூபாய் வரும். இன்று அதில் 100 பேருக்கு உணவளிக்க முடிந்தால், அரிசியும் பருப்பும் விலை ஏறிய பத்தாண்டுக்குப் பின் அதே தொகையில் அத்தனை பேருக்கு இலை போட இயலாது. ‘ஆண்டுதோறும் 100 பேருக்கு அன்னதானம்’ என்று எண்ணிக்கையைக் கட்டாயமாக்காமல், ‘வரும் வட்டியில் இயன்ற அளவு’ என்று எழுதினால் கட்டளை தடைப்படாது. வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பகுதியை அசலில் சேர்க்கும்படி எழுத முடிந்தால் மேலும் நன்று. ரூபாய்க்கும் குட்டி போடக் கற்றுக்கொடுத்ததாகும். கையில் வசதியிருப்போர், உயிலுக்கு விட்டுவைக்காமல் வாழும் காலத்திலேயே கட்டளையை ஏற்படுத்திவிடலாம். ரசீது கையில் இருக்கும். முதல் இலை போடுவதையும் கண்ணால் காணலாம்.

காசில் வராத செலவு

இவ்வளவு கணக்குப் பார்த்த பின் ஒன்று தெளிவாகிறது. உயிலின் செலவு, ஒரு திருமணத்துக்குப் பூமாலை வாங்கும் தொகையைத் தாண்டுவதே அரிது. ஆனாலும் பலர் எழுதுவதில்லை என்றால், விலை வேறெங்கோ இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்று தம் மனத்துக்குள் முடிவு செய்வதுதான் அந்த விலை. பெங்களூரு மகனின் படிப்புக்குச் செலவழித்தது எவ்வளவு, மூத்த மகளுக்குப் போட்ட நகை எவ்வளவு, இளையவள் உடனிருந்து செய்த பணிவிடைக்கு ஈடு உண்டா என்னும் கேள்விகளைப் பெற்றோர் தவிர வேறு யாரும் நேர்மையாக எடைபோட முடியாது. நீதிபதி சட்டத்தைத்தான் பார்ப்பார். இளைய மகள் இரவுகளில் விழித்திருந்ததை அவர் அறியமாட்டார்.

சமமாகப் பிரிக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சுயமாகச் சம்பாதித்ததை விரும்பியவர்க்கு எழுதலாம். கூட்டுக்குடும்பச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுதலாம். கூடக் குறையக் கொடுத்தால், காரணத்தை இரண்டு வரிகளில் உயிலிலேயே எழுதுவது நலம். ‘மகனின் மேற்படிப்புக்கும் வீட்டுக்கும் ஏற்கெனவே உதவியிருப்பதால்’ என்னும் ஒரு வரி, அப்பா நம்மை மறந்துவிட்டார் என்று மகன் வருந்துவதைத் தடுக்கும். இயன்றால் வாயாலும் சொல்லிவிடலாம். தீபாவளிக்கு எல்லோரும் வந்திருக்கும்போது, “நான் இப்படி நினைத்திருக்கிறேன், உங்களுக்கு மனக்குறை இருந்தால் இப்போதே சொல்லுங்கள்” என்று தந்தை கேட்பதற்குத் துணிவு வேண்டும். அந்தக் கேள்வியைத் தந்தை மட்டுமே கேட்க முடியும்.

மனைவிக்கு வாழ்நாள் உரிமை மட்டும் கொடுத்து, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என எழுதுவது பல குடும்பங்களின் வழக்கம். அது அவருக்கு முழு உரிமையாக மாறிவிட்டதா என்னும் வாதம் பல வழக்குகளில் எழுந்திருப்பதால், அந்த ஒரு பத்தியின் வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் விடலாகாது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு எழுதுவோர், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் வழியாகப் பாதுகாவலரை நியமித்துவிட்டு, அதன் பின் உயிலை எழுதுவது முறை. தாய் தந்தை இருவரும் இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது.

தொடங்குவதற்கு நல்ல நாள் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அன்று செய்ய வேண்டியது சிறிய வேலைதான். வீட்டுப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வங்கிக் கணக்குகள், வைப்புகள், காப்பீடு, லாக்கர், கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பாக்கி ஆகியவற்றை ஒரு நோட்டில் பட்டியலிட வேண்டும். உயிலின் முதல் வரிகளில், இதற்கு முன் எழுதியவை ரத்து என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம், கடைசியில் தேதி, ஊர், சாட்சிகளின் முகவரி. முடிந்த பின் அசலை எங்கே வைத்திருக்கிறோம் என்பதை நிறைவேற்றாளரிடமும், பிள்ளைகளில் ஒருவரிடமேனும் சொல்லிவைக்க வேண்டும். தம் பெயரில் மட்டும் உள்ள லாக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், அதைத் திறப்பதற்கே வாரிசுகள் முதலில் வங்கி வாசலில் நிற்க நேரும்.